எண்பத்தைந்து தினார் ஐநூறு ஃபில்ஸ்

ஃபஹாஹீலில், சாவி வெட்டும் கடைக்கும்
கோழி சுழலும் கண்ணாடிப் பெட்டிக்கும் நடுவில்
எங்கள் டைப்பிங் சென்டர்.
இரண்டு நாற்காலி, ஒரு பிரிண்டர்,
ஆகஸ்டில் மூச்சு வாங்கும் ஏசி.
அரபிக்கு வஜ்தி. மற்றதெல்லாம் நான்.

வெள்ளிக்கிழமை மாலை வந்தார்.
சாரம் கட்டுகிறவர், உள்ளங்கை முழுக்கத் துரு.
மூன்று மாதச் சம்பளம் வரவில்லை,
தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு வேண்டும்.
"மொதல்ல தமிழ்ல அடிங்க, படிச்சுப் பாக்கணும்.
புரியாத பாஷையில கையெழுத்துப் போட்டுத்தான்
இங்க வந்து சேந்தேன்."

பெயர்: சூ. சவரிராயன்.
அடித்து முடிப்பதற்குள் சூ-வின் அடியில்
சிவப்பாய் ஒன்று நெளிந்தது.
சூடு? சூது? சூப்?
பிறகு புள்ளிக்கு அடியில் நீலம்:
வாக்கியம் முடிந்துவிட்டதா, ஓரெழுத்தில்?
எட்டிப் பார்த்தார். "அது எங்கப்பா" என்றார்.

சூசை.
பாஸ்போர்ட்டில் புள்ளி கரைந்து
அப்பா முழுசாய் வெளியே வந்துவிட்டார்.
கம்பெனிப் பதிவேட்டில் அவர்தான் இருக்கிறார்.
"சூசை, ஊப்பர் ஜாவ்" என்று ஃபோர்மன் கத்தினால்
உப்பளத்துக்கு வாட்ச்மேன் வேலை பார்க்கும்
எழுபத்தொரு வயது மனிதர்
தூத்துக்குடியிலிருந்து கிளம்பி
ஆறாவது மாடிச் சாரத்தில் ஏறுகிறார்.

ஏஜெண்டுக்குக் கொடுத்தது: 1,20,000.
காற்புள்ளி தப்பான இடத்தில் நிற்கிறதாம்.
120,000 என்று மாற்றவா?
மாற்றாதே.
அதற்கு இந்தப் பக்கம் வட்டிக்கு வாங்கிய ஒரு லட்சம்,
அந்தப் பக்கம் அமலியின் வளையல் இரண்டு.
உன் கணக்கில் இரண்டும் சேர்ந்து உருகிவிடும்.
புறக்கணி என்ற பொத்தானை அழுத்தினேன்.
இந்த மனு போய்ச் சேரும் மேசையிலும்
அப்படியொரு பொத்தான் இருக்கக்கூடும்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

சம்பளம்: 85.500.
இம்முறை கணினி கேட்கவேயில்லை.
புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கமா என்று
தானாகவே வால் முளைக்க வைத்துவிட்டது.
நான் கவனிக்கவில்லை. அவர்தான்
திரையில் துரு படிய விரல் வைத்தார்.
85,500.

"எண்பத்தஞ்சாயிரம் தினாரா? மாசத்துக்கா?"
வஜ்திக்கு விளக்கினேன்.
எழுந்து, நெஞ்சில் கை வைத்து,
"ஷேக் சூசை" என்று தன் நாற்காலியைக் கொடுத்தான்.
உட்கார்ந்தார், கால் மேல் கால்.
கம்பெனியை வாங்கிவிடுவாராம்.
வாங்கி?
"எல்லாருக்கும் பாக்கியக் குடுப்பேன்.
ஃபோர்மனுக்கு மட்டும் கடைசியா."
பிரிண்டர்கூட அப்போது கனைத்தது.

சிரிப்பு அடங்கியபின் சொன்னார்:
"அந்த ஐநூறு ஃபில்ஸ் இன்கிரிமெண்ட்டுங்க.
ரெண்டு வருஷம் கேட்டு வாங்கினது.
அது தனியா நிக்கணும்."

புள்ளியைத் திரும்ப வைத்தேன்.
சிவப்பு உடனே வந்து படுத்துக்கொண்டது.

பிறகு வஜ்தி அரபியில் அடித்தான்.
அங்கே ஐந்து ஒரு வட்டம்,
பூஜ்யம் ஒரு புள்ளி,
தினாருக்கும் ஃபில்ஸுக்கும் நடுவில் நிற்பது
காற்புள்ளி மாதிரி ஒன்று; அதுதான் சரியாம்.
"என் ஐநூறு எங்க?"
ஒவ்வொன்றாய்த் தொட்டுக் காட்டினான்.
வட்டம். புள்ளி. புள்ளி.
நம்பாமல்தான் தலையாட்டினார்.

அச்சில் சிவப்பு விழுவதில்லை.
மை குறைந்திருந்ததால் புள்ளியும் சரியாக விழவில்லை.
பேனா கேட்டார்.
தமிழ்ப் பிரதியில், எண்பத்தைந்தை அடுத்து,
தாளின் பின்பக்கம் புடைக்கும்படி ஒன்று வைத்தார்.
மடித்துச் சட்டைப் பையில் போட்டார்.

கட்டணம் ஒன்றரை தினார்.
அவர் கணக்கில் மூன்று இன்கிரிமெண்ட்.
ரசீதைக் கையால் எழுதிக் கொடுத்தேன்.
1.500